பூசண நூலும் சரக்கு வண்டியும்

பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு ஜூன் நடுவில் புனே திரும்பும் குடும்பங்களுக்கு வீட்டில் ஒரு வரவேற்பு காத்திருக்கும். அவசரத்தில் டப்பாவிலேயே விட்டுப்போன ரொட்டித் துண்டு, உப்புக் குறைந்த ஊறுகாய் ஜாடி, பரணில் வைத்த தோல் பெட்டி, எல்லாவற்றிலும் வெள்ளையும் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பூத்திருக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு குப்பையில் கொட்டுவோம். கொட்ட வேண்டியதுதான். ஆனால் அது எப்படி வளர்கிறது என்று தெரிந்துகொண்டால் அடுத்த முறை கொஞ்சம் மரியாதையோடு கொட்டுவீர்கள்.

நாம் கண்ணால் பார்க்கிற வண்ணப் பொடி பூசணத்தின் வித்துகள். அசல் பூசணம் அதற்கு அடியில், ரொட்டிக்கு உள்ளே, மெல்லிய நூல்களின் பின்னலாக ஓடுகிறது. ஒரு நூலின் தடிமன் சுமார் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஏழெட்டு நூல்களைப் பக்கம் பக்கமாக அடுக்கினால் ஒரு தலைமுடியின் அகலம் வரும். இந்த வகையை இழைப் பூஞ்சைகள் என்கிறார்கள். பன் ரொட்டியை உப்ப வைக்கும் ஈஸ்டும் பூஞ்சைதான், ஆனால் அது தனித்தனி உருண்டைகளாக மொட்டு விட்டுப் பெருகுகிற ஜாதி. நம் இட்லி மாவைப் புளிக்க வைப்பது பெரும்பாலும் பாக்டீரியா. அதற்கும் இந்த நூல்காரர்களுக்கும் சம்பந்தம் இல்லை.

இதைப்பற்றி எழுத ரயில்வேயில் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். சிவில் டிப்ளமாவுக்கு மேல் நான் படிக்கவில்லை. உயிரியலைப் பள்ளிக்கூடத்தோடு விட்டவன். என் அண்ணன் பேத்தி இங்கே நுண்ணுயிரியல் படிக்க வந்து எங்கள் வீட்டில் இரண்டு வருடம் தங்கியிருந்தாள். ஒருநாள் அவள் பாடப் புத்தகத்தில் ஒரு படத்தைக் காட்டி, “சின்னத் தாத்தா, இது உங்க டிபார்ட்மென்ட் சமாச்சாரம்” என்றாள். பார்த்தேன். உண்மைதான். இருப்புப் பாதை, அதன்மேல் சரக்கு வண்டி, முகவரிச் சீட்டு, காலி வண்டி திரும்புதல், எல்லாம் இருந்தன. அதன்பிறகு அவளுடைய புத்தகங்களை அவளைவிட நான்தான் அதிகம் படித்தேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

குழந்தை உடம்பு முழுக்க வளர்கிறது. பூசண நூல் அப்படி வளர்வதில்லை. அதன் நுனியில், சில மைக்ரோமீட்டர் நீளத்தில் மட்டும்தான் வளர்ச்சி. மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நுனிக்குப் பின்னால் இருக்கும் சுவர் இறுகிப்போனது. அது இனி நீளாது, வேண்டுமானால் அதிலிருந்து புதுக் கிளை பிரியலாம். 1892லேயே ரைன்ஹார்ட் என்ற ஜெர்மானியர் இதை எழுதிவிட்டார்.

நூலின் சுவர் கைட்டினாலும் குளுக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலியாலும் ஆனது. இறால் ஓட்டில் இருக்கிறதே, அதே கைட்டின். சுவருக்கு உள்ளே நீரின் அழுத்தம், கார் டயரில் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த அழுத்தம் இளகிய நுனியை முன்னே தள்ளுகிறது. நுனிச் சுவர் சீக்கிரம் இறுகிவிட்டால் வளர்ச்சி நின்றுவிடும். புதுச் சரக்கு வந்து சேராமல் மெலிந்துபோனால் நுனி வெடித்துவிடும். ஆகவே, சுவர் கட்டும் சாமான் கணக்காக, தவறாமல், நுனிக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும்.

எவ்வளவு சாமான்? நியூரோஸ்போரா என்று ஒரு பூசணம் உண்டு. ஆரஞ்சு நிறம். 1843ல் பாரிஸ் நகரத்து ரொட்டிக் கிடங்குகளில் படையெடுத்து, அரசாங்கம் விசாரணைக் குழு போடும் அளவுக்குத் தொல்லை கொடுத்தது. ஜாவாவில் அதையே வேண்டுமென்று வளர்த்துக் கடலைப் பிண்ணாக்கில் ‘ஒன்சோம்’ என்ற தின்பண்டம் செய்கிறார்கள். இந்தப் பூசணம் ஒரு நாளைக்கு 8 சென்டிமீட்டர் போல ஓடும். அந்த வேகத்துக்கு எத்தனை சாமான் மூட்டைகள் நுனிக்கு வந்து சேர வேண்டும் என்று காலிஞ்ச், டிரின்சி என்ற இருவர் 1974ல் கணக்கிட்டார்கள். ஒரே ஒரு நூலின் நுனியில் நிமிடத்துக்கு 38,000. அதாவது விநாடிக்கு 600க்கு மேல்.

இங்கே என் தொழிலைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். புதுப் பாதை போடும்போது, போட்டு முடித்த கடைசித் தண்டவாளம் இருக்கும் இடத்தை ரெயில்ஹெட் என்போம். அங்கே வேண்டிய தண்டவாளம், ஸ்லீப்பர், ஜல்லி, கொக்கி எல்லாம் மெட்டீரியல் டிரெயினில் வரும். அந்த வண்டி எதன்மேல் வரும்? நேற்றுப் போட்ட பாதையின் மேல்தான். 1992ல் யூனிகேஜ் திட்டம் தொடங்கியபிறகு மீட்டர்கேஜை அகலப்பாதையாக மாற்றும் வேலையில் பல வருடம் இருந்தேன். கேங்மேன் எத்தனை பேர் இருந்தாலும், மெட்டீரியல் டிரெயின் அரை நாள் வரவில்லை என்றால் ரெயில்ஹெட் அரை நாள் நின்றுபோகும். பூசண நூலுக்கும் இதே நிலைமைதான். அதன் வளர்ச்சி என்பது முழுக்க முழுக்கப் போக்குவரத்து விவகாரம்.

சாமான் எங்கே தயாராகிறது? மரபணுவில் எழுதியிருக்கிற குறிப்புப்படி புரதங்கள் உருவாகின்றன. நியூரோஸ்போராவின் மரபணுத் தொகுதியை 2003ல் முழுக்கப் படித்துவிட்டார்கள். 7 குரோமோசோம், சுமார் 4 கோடி எழுத்து, ஏறக்குறைய 10,000 மரபணு. புரதங்களில் ஒரு பகுதி சுவர் கட்டும் கொத்தனார்கள். கைட்டினை நூற்கும் நொதி, குளுக்கனை நூற்கும் நொதி எல்லாம் புரதங்களே. இவை வேலை செய்ய வேண்டிய இடம் நுனி. பிறப்பதோ பின்னால்.

ஏற்றுமதிக்கு உரிய புரதங்கள் ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஒரு சிறு வால் போன்ற பகுதி இருக்கிறது. இன்னார் இன்ன இடத்துக்குப் போக வேண்டும் என்ற முகவரி அது. பழைய சரக்கு வாகன்களின் பக்கவாட்டில் லேபிள் செருக ஒரு கிளிப் இருக்குமே, அதுபோல. இந்த முகவரி முறையைக் கண்டுபிடித்த குந்தர் பிளோபெலுக்கு 1999ல் நோபல் பரிசு கிடைத்தது. முகவரி பெற்ற புரதம் முதலில் எண்டோபிளாச வலை என்ற மடிப்பு மடிப்பான அறைக்குள் நுழைகிறது. அங்கே அது சரியான வடிவத்தில் மடிக்கப்பட வேண்டும். கோணலாக மடிந்த புரதத்தை வெளியே விடமாட்டார்கள். தண்டவாளத்தில் ஆய்வு முத்திரை இல்லாவிட்டால் கிடங்கில் இறக்கவிடாத கண்டிப்பை எங்கள் ரயில்வேயில் பார்த்திருக்கிறேன், இது அதைவிடக் கண்டிப்பு. தேறாதவற்றை உடைத்துத் தள்ளிவிடுகிறார்கள். தேறாதவை அதிகமாகக் குவிந்தால், மடிக்க உதவும் புரதங்களை அதிகம் செய்யச் சொல்லித் தகவல் உட்கருவுக்குப் போகிறது.

தேறியவை கோல்கி என்ற பிரிப்பு நிலையத்துக்குப் போகின்றன. நம் மார்ஷலிங் யார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அவை வகைவாரியாக நுண்பைகளில் அடைக்கப்படுகின்றன. பெரிய பை ஒன்றின் குறுக்களவு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இந்தப் பைகள்தான் நிமிடத்துக்கு 38,000.

பைகள் மிதந்து போவதில்லை. நூலின் நீளவாக்கில் நுண்குழல்கள் என்ற தடங்கள் ஓடுகின்றன. கைனீசின் என்ற இயந்திரப் புரதம் பையைத் தலையில் சுமந்து, இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி வைத்து, தடத்தின்மேல் நடந்தே போகிறது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு மூலக்கூறு எரிபொருள். 1985ல் கைனீசினை முதலில் கண்டுபிடித்தது கணவாய் மீனின் பெரிய நரம்பில். பிறகு நியூரோஸ்போராவில் தேடிப் பார்த்தபோது, பூசணத்தின் கைனீசின் விலங்கு கைனீசினைவிடச் சுமார் மூன்று மடங்கு வேகமாக ஓடியது. நாளைக்கு 8 சென்டிமீட்டர் ஓடுகிறவனுக்கு அந்த வேகம் வேண்டும்தானே.

நுனிக்குச் சற்று முன்னால் பெரிய தடம் முடிந்து, ஆக்டின் என்ற மெல்லிய தடங்கள் தொடங்குகின்றன. அங்கே மையோசின் என்ற வேறோர் இயந்திரம் சுமையை வாங்கிக்கொள்கிறது. ஸ்டேஷன் யார்டிலிருந்து குறுகிய ட்ராலிப் பாதையில் சாமானை மாற்றி ஏற்றுகிற மாதிரி.

பைகள் எல்லாம் நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு கொத்தாகக் கூடி நிற்கின்றன. இந்தக் கொத்துக்கு ஸ்பிட்சென்கோர்ப்பர் என்று ஜெர்மன் பெயர். நுனி உருண்டை என்று பொருள் கொள்ளலாம். 1924ல் புருன்ஸ்விக் என்பவர் சாயமிட்ட காளான் நூல்களில் இதைப் பார்த்தார். 1957ல் கிர்பார்ட் என்பவர் உயிருள்ள நூலிலேயே பார்த்தார். அவர் கவனித்த இரண்டு விஷயங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. நூல் வளர்வதை நிறுத்தினால் உருண்டை மறைந்துவிடுகிறது. நூல் திசை திரும்பப் போகிறது என்றால், முதலில் உருண்டை அந்தப் பக்கம் நகர்கிறது, நூல் அதன் பின்னால் திரும்புகிறது.

மெக்சிகோவில் பிறந்து கலிஃபோர்னியாவில் பணியாற்றிய பார்ட்னிக்கி-கார்சியா 1989ல் இதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். ஒரே ஒரு சப்ளை மையம், அது எல்லாத் திசையிலும் சமமாகப் பைகளை எறிகிறது, அந்த மையமும் ஒரே சீராக முன்னே நகர்கிறது. இவ்வளவுதான் விதி. மையம் அசையாமல் நின்றால் திரையில் ஓர் உருண்டை வந்தது. மையம் நகர்ந்தால், நிஜப் பூசண நூலின் நுனி எப்படிக் கூம்பியிருக்குமோ அச்சு அசலாக அதே வடிவம் வந்தது. நுனி எப்படி இருக்க வேண்டும் என்று எங்கும் வரைபடம் கிடையாது. சாமான் இறங்குகிற முறையே வடிவத்தைத் தந்துவிடுகிறது. நாற்பது வருடம் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்த எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

நேர்கோட்டில் போவதற்கு மட்டும் தனி ஏற்பாடு இருக்கிறது. பாதைக்கு மையக்கோடு குறிக்க நாங்கள் முளை அடிப்போம். பூசணத்தில், முன்னேறும் நுண்குழலின் முனை ‘டீ-ஏ’ என்ற புரதத்தைச் சுமந்துபோய் நுனியின் நடுவில் வைக்கிறது. அடுத்த சரக்கு அங்கேதான் இறங்கும். 2008ல் ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்ற பூசணத்தில் இந்த மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். நூல் சாகவில்லை, வளர்ந்தது. ஆனால் கள் குடித்தவன் நடையாக வளைந்து வளைந்து போயிற்று.

நுனிக்கு வந்த பை அங்கே ஒட்ட வேண்டும். தவறான இடத்தில் ஒட்டிவிடக் கூடாது. இதற்கு ‘ராப்’ என்ற குடும்பத்துப் புரதங்கள் இருக்கின்றன. ஒற்றைப் பாதையில் டோக்கன் முறை வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு வளையத்தில் டோக்கனை நீட்டுவார், டிரைவர் ஓடும் எஞ்சினிலிருந்து கையை விட்டு வாங்கிக்கொள்வார். டோக்கன் இருந்தால்தான் அந்தப் பகுதிக்குள் நுழையலாம், மறுமுனையில் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ராப் புரதம் ‘சக்தியேறிய’ நிலையில் பையின் மேல் உட்கார்ந்திருக்கும். சேர வேண்டிய இடத்தில் இருக்கும் எட்டுப் புரதக் கூட்டு ஒன்று அதை அடையாளம் கண்டு பையைக் கட்டி இழுக்கும். பை சவ்வோடு இணைந்தபிறகு ராப் ‘அணைந்து’ கழன்றுவிடும், மறுபடி பயன்படும்.

காலி வண்டியும் திரும்ப வேண்டும் அல்லவா? நுனிக்குச் சற்றுப் பின்னால், ஒரு காலர்ப் பட்டி போல, அதிகப்படி சவ்வையும் பழைய புரதத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் வளையம் இருக்கிறது. அங்கிருந்து எதிர்த்திசையில் சுமந்து வருவது டைனீன் என்ற இன்னோர் இயந்திரம். வண்டிகளைத் திருப்பி அனுப்பாத ரெயில்ஹெட்டில் கடைசியில் நெரிசல்தான் மிஞ்சும். டைனீன் கெட்டுப்போன பூசணத்தில் உள்ளே இழுக்கப்பட்ட பைகள் நுனியிலேயே குவிந்து கிடப்பதை மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஓர் இயந்திரத்தில் எந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது என்று தெரியவில்லை என்றால், ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு எது நின்றுபோகிறது என்று பார்ப்பதுதான் வழி. 1941ல் அமெரிக்காவில் பீடிலும் டேட்டமும் நியூரோஸ்போராவின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, கெட்டுப்போன ரகங்களைத் தேடினார்கள். 299வது குழாயில் முதல் வெற்றி கிடைத்தது. அந்த ரகம் பி6 வைட்டமினைத் தானே செய்துகொள்ள முடியாமல் வெளியிலிருந்து கேட்டது. ஒரு மரபணு கெட்டால் ஒரு நொதி நின்றுபோகிறது என்பது அப்படித்தான் தெரிந்தது. 1958ல் நோபல் பரிசு. பூசணம் இதற்கு ஏன் தோது? நமக்கு ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி, ஒன்று கெட்டாலும் மற்றது மூடி மறைத்துவிடும். பூசணத்துக்கு ஒரே பிரதி. கெட்டது உடனே வெளியே தெரிந்துவிடும்.

ஆனால் போக்குவரத்து மரபணு அடியோடு கெட்டால் உயிரே போய்விடும், பிறகு எதை ஆராய்வது? இதற்கு ஒரு தந்திரம் கண்டார்கள். சாதாரணச் சூட்டில் வேலை செய்து, சூடு ஏறினால் மட்டும் கெட்டுப்போகிற ரகங்களைத் தேடினார்கள். ஈஸ்டில் ராண்டி ஷெக்மனும் பீட்டர் நோவிக்கும் 1980ல் இப்படி 23 ஏற்றுமதி மரபணுக்களைப் பிரித்துக் காட்டினார்கள். ஷெக்மனுக்கு 2013ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நியூரோஸ்போராவில் ‘கோட்-1’ என்ற மரபணு அப்படிப்பட்டது. 37 டிகிரியில் அது கெட்டால், நூல் நீள்வதை விட்டுவிட்டுக் கண்டபடி கிளைத்து, சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருண்டுபோகும். இன்னொரு கூட்டம் ‘ரோப்பி’ ரகங்கள், அவற்றில் நூல்கள் புரிக்கயிறு போல முறுக்கிக்கொள்ளும். 1994ல் பார்த்தால், ரோப்பி மரபணுக்களில் முக்கியமான ஒன்று டைனீன் இயந்திரத்தின் பெரிய பாகத்துக்கான குறிப்பு. முறுக்கு நூலின் மர்மம் காலி வண்டிப் போக்குவரத்தில் இருந்திருக்கிறது.

இதையெல்லாம் படித்துக்கொண்டு வந்தபோது ஓர் இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 1970களில் அமெரிக்காவில் ரான் மாரிஸ் என்பவர் ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் பூசணத்தில் சூட்டுக்குக் கெடும் ரகங்களைத் திரட்டினார். அவற்றில் சிலவற்றில் ஒரு விநோதம். வித்து முளைத்து நூல் நீளும், ஆனால் உட்கருக்கள் நூலுக்குள் நகர்ந்து போகாமல் வித்துக்குள்ளேயே கூட்டமாகக் கிடக்கும். உட்கரு பரவல் கெட்டது என்ற பொருளில் ‘நட்’ ரகங்கள் என்று பெயர் வைத்தார். நட்-ஏ என்பது டைனீன் என்று 1994ல் தெரிந்தது. நட்-எஃப் என்ன என்று 1995ல் படித்தபோது, அது ஏற்கெனவே 1993ல் மனிதர்களில் கண்டுபிடிக்கப்பட்ட லிஸ்-1 என்ற மரபணுவை ஒத்திருந்தது.

லிஸ்-1 கெட்ட குழந்தைகளின் மூளையில் மடிப்புகள் இருப்பதில்லை. வழவழவென்று இருக்கும். வலிப்பும் கடுமையான வளர்ச்சிக் குறைவும் வரும். கர்ப்பத்தில் மூன்று நான்கு மாதம் ஆகும்போது, மூளையின் உள்பக்கத்தில் பிறக்கும் நரம்புச் செல்கள் வெளிப்பக்கத்துக்கு நகர்ந்து போய் அடுக்காக அமைய வேண்டும். நகரும்போது ஒவ்வொரு செல்லும் தன் உட்கருவைப் பின்னாலிருந்து இழுத்துக்கொள்ள வேண்டும். இழுக்கும் எஞ்சின் டைனீன், அதற்கு உதவி லிஸ்-1. அது குறைந்தால் செல்கள் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. அந்த நோய் ஏன் வருகிறது என்பதற்கு முதல் துப்பு, உட்கருவை நகர்த்த முடியாத ஒரு பூசணத்திலிருந்து கிடைத்தது. வித்துக்குள் முடங்கிக் கிடந்த உட்கருவும், வழியில் நின்றுபோன குழந்தையின் நரம்பும் ஒரே கோளாறு. அந்த வழவழப்பான மூளையின் படம் அந்தப் பக்கத்திலேயே இருந்தது. அன்று அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

இது தற்செயல் அல்ல. நாங்கள் படித்த காலத்தில் பூஞ்சையைப் பச்சையம் இல்லாத தாவரம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், பூஞ்சைக்கு நெருங்கிய உறவு தாவரம் அல்ல, விலங்குதான் என்று தெளிவாகிவிட்டது. நூறு கோடி ஆண்டுக்கு முன்னால் பிரிந்துபோன பங்காளிகள். பாகப்பிரிவினை ஆகியும், நுண்குழல், கைனீசின், டைனீன், ராப், கோல்கி எல்லாம் இரண்டு வீட்டிலும் அதே சாமான்கள். நம் முதுகுத் தண்டிலிருந்து கால் விரல் வரைக்கும் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளும் நரம்புச் செல் இருக்கிறது. அதுவும் ஒரு நூல்தான். அதன் முனைக்கும் இதே முறையில்தான் சரக்கு போகிறது.

இந்த உறவு வேறு விதத்தில் நம்மை வதைப்பதும் உண்டு. 2021ல் கொரோனா இரண்டாம் அலைக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை என்ற மியூகார் நோய் பரவியதை மகாராஷ்டிரத்தில் இருக்கும் நாம் மறக்க முடியாது. அந்த வருடம் ஜூன் மாத முடிவுக்குள் நாட்டில் 40 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வந்ததாக அரசாங்கமே அறிவித்தது. அதிகம் பாதிக்கப்பட்டவை குஜராத்தும் மகாராஷ்டிரமும். சர்க்கரை ஏறிய உடம்பு, ஸ்டீராய்டு மருந்தால் குறைந்த எதிர்ப்புச் சக்தி, இரண்டும் சேர்ந்தபோது மூக்கின் வழியே நுழைந்த வித்து முளைத்து, நூல் விட்டு, ரத்தக் குழாய்ச் சுவரைத் துளைத்துக் கண்ணுக்கும் மூளைக்கும் போயிற்று. எங்கள் குடியிருப்பிலேயே ஒருவருக்கு ஒரு கண்ணை எடுத்தார்கள். மனிதர் பிழைத்தார். இவ்வளவு விஞ்ஞானம் வளர்ந்தும் ஒரு பூசணத்துக்கு மருந்து இல்லையா என்று அவருடைய மனைவி என்னிடம் கேட்டார்.

மருந்து இருக்கிறது, ஆனால் குறைவு. காரணம் அந்தப் பங்காளி உறவுதான். பாக்டீரியா நமக்கு வெகுதூரத்து ஆள், அதன் பாகங்கள் நம்மிடம் இல்லாதவை. ஆகவே பெனிசிலின் மாதிரி அதை மட்டும் அடிக்கும் மருந்து நிறையக் கிடைத்தது. பூஞ்சையின் டைனீனை நிறுத்தும் மருந்தைக் கொடுத்தால் நம் டைனீனும் நின்றுபோகும். வித்தியாசமான பாகங்களைத் தேடிப் பிடித்துத்தான் அடிக்க வேண்டும். ஆம்ஃபோடெரிசின் என்ற பழைய மருந்து பூஞ்சையின் சவ்வில் இருக்கும் எர்கோஸ்டெராலைப் பிடிக்கிறது. நம் சவ்வில் இருப்பது கொலஸ்டிரால், கிட்டத்தட்ட அதே உரு. அதனால்தான் அந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. கொழுப்புப் பையில் அடைத்துக் கொடுத்தால் கெடுதல் குறையும். 2021 மே மாதத்தில் ஊர் ஊராகத் தேடி அலைந்தது அந்த அடைத்த மருந்துக்குத்தான்.

நமக்குச் சுவரே கிடையாது என்பதால், சுவர் கட்டும் கொத்தனாரை அடிப்பது நல்ல யோசனை. எக்கினோகாண்டின் என்ற வகை மருந்துகள் குளுக்கனை நூற்கும் நொதியைத் தடுக்கின்றன. அவற்றில் முதலாவது 2001ல் சந்தைக்கு வந்தது. ஆஸ்பெர்ஜில்லஸில் அது நுனியைத்தான் தாக்கும், நூல்கள் கட்டையாகிக் கிளைத்து முடங்கும். துரதிர்ஷ்டம், மியூகார் கூட்டத்துக்கு அது தனியே போதுமானதாக இல்லை.

அந்த நுனியே வேறோர் இடத்தில் நமக்குச் சோறு போடுகிறது. நாம் சாப்பிட்டுவிட்டு ஜீரணிக்கிறோம். பூசணம் ஜீரணித்துவிட்டுச் சாப்பிடுகிறது. மாவையும் மரத்தையும் கரைக்கும் நொதிகளை நுனி வழியே வெளியே கொட்டி, கரைந்ததை உறிஞ்சுகிறது. சுவர்ச் சாமான் போகும் அதே போக்குவரத்தில்தான் இந்த நொதிகளும் போகின்றன. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரில் ஸ்டார்ச்சைக் கரைக்கும் நொதி வளரும் நுனிகளில்தான் வெளியாகிறது என்று 1991ல் காட்டினார்கள். இரண்டாம் உலகப்போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் கூடாரத் துணியை அரித்த டிரைகோடெர்மா என்ற பூசணத்தை எடுத்து வளர்த்து, ரகம் ரகமாக மாற்றி, இன்று லிட்டருக்கு 100 கிராம் வரை புரதம் கொட்ட வைத்திருக்கிறார்கள். அது துணி ஆலைக்கும் வைக்கோலிலிருந்து எரிசாராயம் எடுப்பதற்கும் போகிறது. பச்சைப் புள்ளி போட்ட சீஸ் வாங்குகிறோமே, பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்று ரென்னெட்டுக்குப் பதிலாக அதில் சேர்ப்பதும் பல சமயம் பூஞ்சை தந்த நொதிதான். நம் பிம்ப்ரியில் 1954ல் அமைத்த ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் ஆலையின் பெனிசிலினும் இழைப் பூஞ்சையிலிருந்து வந்ததே. பெனிசிலின் புரதம் அல்ல என்றாலும், தொட்டியில் நூல் எப்படி வளர்கிறது என்பது அங்கேயும் பெரிய தலைவலி. நூல்கள் நீண்டு பின்னிக்கொண்டால் குழம்பு கூழாகிக் காற்றுப் போகாது. உருண்டை உருண்டையாகத் திரண்டால் உள்ளே இருப்பவை மூச்சுத் திணறிச் சாகும்.

இப்போது மருந்து தேடுகிறவர்களும் போக்குவரத்தின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். சுவருக்குப் போக வேண்டிய பல புரதங்களுக்கு எண்டோபிளாச வலையிலேயே ஒரு கொழுப்புக் கொக்கி மாட்டி அனுப்பப்படுகிறது. கொக்கி இல்லாவிட்டால் அவை போய்ச் சேர வேண்டிய இடத்தில் தங்காது. இந்தக் கொக்கி தயாராவதில் ஒரு கட்டத்தை முடிக்கும் நொதிக்கு ஜிடபிள்யூடி-1 என்று பெயர். நம்மிடமும் அந்த வேலைக்கு ஒரு நொதி இருக்கிறது, ஆனால் உருவம் போதிய அளவு மாறிவிட்டது. ஜப்பானில் எய்ஸாய் நிறுவனத்தார் கண்டுபிடித்த ஒரு மருந்து பூஞ்சையின் நொதியை மட்டும் பிடித்து நிறுத்துகிறது, நம்முடையதை விட்டுவிடுகிறது. ஃபாஸ்மனோஜெபிக்ஸ் என்று அதற்குப் பெயர். 2024ல் அது மனிதர்களிடம் மூன்றாம் கட்டச் சோதனைக்கு வந்தது. பேரைக் கேட்டு அந்த அம்மாள், எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.